மூணு கையும் மூணாம் இடமும்

பேஸ்பால் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் அரைகுறைதான். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு காலேஜில் பி.காம். பிள்ளைகளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கிறவளுக்கு அது தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் ஒரு சீசன் முழுக்க, கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும், அந்தக் காலேஜ் டீமில் பந்து எறிகிற பயலுகளைக் கட்டி மேய்த்தவள் நான்தான். எனக்கு வேறு சத்துரு வேண்டாம், என் வாயே போதும்.

ஸ்டாஃப் ரூமில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது பி.டி. சார் சொன்னார், இந்த வருஷம் பேஸ்பால் டீம் இறக்கப் போகிறோம் என்று. அவருடைய நியாயம் எளிமையானது. ஃபுட்பாலும் வாலிபாலும் எல்லாக் காலேஜும் ஆடும். அதில் மூணாம் இடம் வாங்கவே கடவுள் நேரில் இறங்கி வரவேண்டும். பேஸ்பாலுக்கு வருவதோ விரல்விட்டு எண்ணக்கூடிய காலேஜுகள். கொஞ்சம் முட்டிப்பார்த்தால் மூணாம் இடம் நிச்சயம். மூணாம் இடம் வரைக்கும் யூனிவர்சிட்டி கிரேஸ் மார்க் கொடுக்கும். பரீட்சையில் கொஞ்சம் குறைந்து தோற்கிற பிள்ளையை, விளையாடினதுக்காக மார்க் போட்டுக் கரையேற்றி விடுவதுதான் கிரேஸ் மார்க். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை ஓடினாலும், சாடினாலும், மேடையில் ஏறிக் கைகொட்டித் திருவாதிரைக்களி நடனம் ஆடினாலும், பின்னால் இது நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சும்மா இருந்திருக்கலாம். "எறியத்தானே சாரே வேணும், நம்ம பயலுவளுக்கு மாங்கா எறிஞ்சு நல்ல பழக்கம் உண்டே" என்று சொல்லிவிட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அடிக்கிறதையும் பிடிக்கிறதையும் தான் பார்த்துக்கொள்வதாகவும், எறிகிறவன்மாரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். யார் எத்தனை பந்து எறிந்தான், யாருடைய கை எத்தனை நாள் ஓய வேண்டும், அடுத்து யார், எல்லாம் எண்ணிக்கையாம். எண்ணிக்கை டீச்சருக்க சப்ஜெக்ட் ஆக்கும் என்று முடித்துவிட்டார். வீட்டில் போய்ச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறி, நான்தான் தலையில் தட்டவேண்டி வந்தது. கொஞ்சம் ஓங்கியே தட்டினேன்.

எனக்குப் புரிந்த அளவில் ஆட்டம் இதுதான். ஒருத்தன் எறிவான். ஒருத்தன் உருளைக் கட்டையோடு நின்று அடிப்பான். அவனுக்குப் பின்னால் ஒருத்தன் கக்கூஸில் இருக்கிற மாதிரி குத்தவைத்துப் பந்தைப் பிடிப்பான். அடிக்கிறவனுடைய கால்முட்டுக்கும் நெஞ்சுக்கும் இடையில் பந்து போனால் எறிகிறவனுக்கு லாபம், மூணு தடவை வீசிக் கோட்டை விட்டால் அடிக்கிறவன் அவுட். பந்து கண்ட இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தால் அடிக்கிறவன் கட்டையைப் போட்டுவிட்டு ராஜா மாதிரி முதல் முளைக்கு, அதாவது ஓடித் தொடவேண்டிய முதல் இடத்துக்கு, நடந்தே போவான். எங்கள் டீம் எறிய ஆரம்பித்த முதல் வாரத்தில் எல்லாரும் நடந்துகொண்டேதான் இருந்தார்கள்.

எனக்குக் கிடைத்தது மூணு கை. முதலாவது, பெருங்கடவிளைக்காரன். அவன் மலைக்கு மாலை போட்டிருந்தான். தாடி, கறுப்பு வேட்டி, வெறுங்கால். யூனிவர்சிட்டி விதிப்படி ஷூ வேண்டும் என்று பி.டி. சார் சொன்னதற்கு, விரதத்துக்கு மேல ஒரு விதி உண்டா சாமி என்று கேட்டான். ஊர் வழக்கப்படி நாங்கள் அவனைச் சாமி என்று கூப்பிட, அவன் எங்களைச் சாமி என்று கூப்பிட்டான். நான் டீச்சர் சாமி. எதிராளியின் விலாவில் பந்து பட்டால் மன்னிப்புக் கேட்கமாட்டான். கைகூப்பி, சாமி சரணம் என்பான். அடி வாங்கினவனும் வேறு வழியில்லாமல் சரணம் சொல்லிவிட்டு முளைக்குப் போவான்.

இரண்டாவது, காஞ்சிரங்குளத்துக்காரன். இடதுகை. கிளப்பு கிளப்பாகக் கிரிக்கெட் ஆடுகிறவன், அதனால் முழங்கையை மடக்காமல் ஓடிவந்து பந்தைத் தரையில் குத்தித்தான் எறிவான். தரையில் குத்தாதே மக்கா என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை போனது.

மூணாவது பொழியூர்க்காரன். இந்தச் சீசனே அவனுக்காகத்தான் என்று சொல்ல வேண்டும். அவன் கையில் அப்படியொரு வேகம். குத்தவைத்துப் பிடிக்கிற பையன் முதல் நாளே உள்ளங்கையைப் பார்த்து அழுதான். ஆனால் பந்து எங்கே போகும் என்று எறிந்தவனுக்கும் தெரியாது, புனித மாதாவுக்கும் தெரியாது. அவன் கடைசி வருஷம். எல்லாப் பாடமும் தட்டுத்தடுமாறிப் பாஸ், என் ஸ்டாட்டிஸ்டிக்ஸைத் தவிர. விடைத்தாள் திருத்துவது வெளியாட்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வகுப்புப் பரீட்சையில் அவன் எழுதியதைப் பார்த்தால் செய்யவும் தோன்றாது. சராசரி என்னவென்று கேட்டால் சராசரி ஆட்களுக்கு அது தெரியாது என்று எழுதி வைத்தவன்.

அவனுக்கு டிகிரி எதற்கு என்பதுதான் விசேஷம். அவன் அப்பன் அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மாமனுக்கு மீன்பிடிக்கிற வள்ளம் உண்டு, அதில் இவனுக்கு ஒரு இடமும் உண்டு. இவனுக்கும் கடலென்றால் உயிர். ஆனால் அம்மை மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்: டிகிரி முழுசாகப் பாஸாகாமல் வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது, பாஸானால் அப்புறம் தடுக்க மாட்டேன். கோயிலில் சொன்ன வாக்கு, இரண்டு பக்கமும் மீற முடியாது. ஆக, அவன் வள்ளத்தில் ஏறுவதற்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாஸாக வேண்டும், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாஸாகக் கிரேஸ் மார்க் வேண்டும், கிரேஸ் மார்க்குக்கு மூணாம் இடம் வேண்டும். ஒரு அம்மைக்குப் படிப்பின் மேல் இவ்வளவு மதிப்பா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சரி மக்கா, உன்னைக் கரையேற்றிவிட்டுத்தான் நான் மறுவேலை பார்ப்பேன் என்று சொன்னேன். கரையேறவா டீச்சரே, எனக்குக் கடல்ல இறங்கணும் என்றான்.

எறிகிறவன் நிற்பதற்கு மைதானத்தின் நடுவில் ஒரு சின்ன மண்மேடு வேண்டும். பயலுகள் வேர்த்து விறுவிறுத்துக் கட்டினார்கள். மறுநாள் பஞ்சாயத்துத் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் புல்வெட்ட வந்த சேச்சிமார், நல்ல மைதானத்தில் எவனோ மண்ணைக் கொட்டிப் போட்டிருக்கிறான் என்று வெட்டி மட்டமாக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நான் போய்க் கத்தினேன். அவர்களுக்கும் வருத்தமாகிவிட்டது. அடுத்த நாளே சொல்லாமலே கட்டித் தந்தார்கள், மரச்சீனிக் கிழங்குக்கு மண் கூட்டுகிற மாதிரி உருண்டையாக, கூராக. உச்சியில் ஒரு மரச்சீனிக் கம்பும் நட்டிருந்தார்கள். மண்ணு சும்மா கிடக்க வேண்டாமே டீச்சரே என்று காரணமும் சொன்னார்கள். சாமி அந்தக் கம்பைப் பிடுங்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான், முளை விட்டுவிட்டதாம்.

இதெல்லாம் சின்னப் பாடு. பெரிய பாடு, கை ஓய்வு. பி.டி. சார் கறாராகச் சொல்லியிருந்தார்: ஒரு நாள் முழுக்க எறிந்தவன் கையை நாலு நாள் தொடக்கூடாது, இல்லாவிட்டால் தோள் போய்விடும். நானும் முறை போட்டுக் கொடுத்தேன், இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று. ஆனால் எங்கள் ஊர்களில் சும்மா இருக்கிற ஒரு கையைப் பார்த்தால் யாருக்கும் பொறுக்காது. ஓய்வு நாளில் சாமி விடியும் முன்னே ரப்பர் வெட்டப் போனான், அது முடிந்தால் அன்னதானத்துக்குத் தேங்காய் துருவினான். காஞ்சிரங்குளத்தான் ஓய்வு நாளை நன்றாக ஓய்வாகக் கிரிக்கெட் ஆடிக் கழித்தான். கேட்டால் பரிசு சேவல்கோழி டீச்சரே, எப்படி விடேது என்று என்னையே கேட்டான். பொழியூர்க்காரனோ கரைமடிக்குப் போனான். கடலில் அரைவட்டமாக வலையை விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று கூட்டமாக இழுக்கிற வேலை அது. வள்ளத்தில்தானே கால் வைக்கக்கூடாது, கயிற்றில் கை வைக்கலாமே என்பது அவன் நியாயம். கயிறு பிடித்தவனுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. அந்தக் கயிற்றை ஒரு காலம்பற இழுத்துவிட்டு வந்தால் அன்றைக்கு அவனால் சட்டைப் பொத்தான் போட முடியாது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. வகுப்பில் காட்டுகிற கோபமெல்லாம் ஒன்றுமில்லை, அப்படியொரு கோபம். அந்தக் கோபத்தில்தான் ஒரு யோசனை வந்தது. கை ஒடிந்தவர்கள் கழுத்தில் மாட்டுகிற துணித்தொட்டில் மருந்துக்கடையில் கிடைக்குமே, மூணு வாங்கினேன். ஓய்வு நாளில் எறிகிற கையை அதில் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும், பார்க்கிறவன் வேலை சொல்ல மாட்டான் என்று உத்தரவு போட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். பி.டி. சாரும் கொள்ளாம் டீச்சரே என்று பாராட்டினார்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. நான் இந்த ஊரில்தான் பிறந்தேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளே சாமியின் கட்டைப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற நேர்ச்சை போலிருக்கிறது என்று ஊரில் யாரோ சொல்லிவிட்டார்கள். பெருங்கடவிளைச் சந்தையில் பெண்கள் அவனுடைய துணித்தொட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். தங்கள் பேரிலும் ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லி அதிலேயே தேங்காயை வைத்து அனுப்பினார்கள். ஓய்வெடுக்க வேண்டிய கை தேங்காய் சுமந்துகொண்டு வந்தது. காஞ்சிரங்குளத்தான் துணித்தொட்டிலை வலதுகைக்கு மாற்றிக்கொண்டு இடதுகையால் பந்துபோட்டு அந்தச் சேவலை ஜெயித்துவிட்டான். கை ஒடிந்தும் விளையாடினான் என்று சிறந்த ஆட்டக்காரன் பரிசாக ஒரு வாழைக்குலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சீப்புக் கொண்டுவந்தான். எறியத்தான் நினைத்தேன், நல்ல ஏத்தன்பழம், வைத்துக்கொண்டேன்.

பொழியூரில் நடந்ததுதான் உச்சம். சனிக்கிழமை சாயங்காலம் கட்டோடு போய் இறங்கினவனைப் பார்த்து யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை, நேராகப் பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. இவனும் ஆரஞ்சு வருவது நிற்கக்கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குப் பாதிரியார் இவனுடைய கைக்காக ஜெபிக்கச் சொன்னார். பூசை முடிந்ததும் ஒரு வர்ம வைத்தியரைக் கூட்டிவந்துவிட்டார்கள். அவர் நல்ல கையைப் பிடித்து, இழுத்து, திருகி, எண்ணெய் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். முன்னால் வலி இல்லாத கை பின்னால் ஒரு வாரம் வலித்தது. வைத்தியர் அதைக் குணமாவதன் அடையாளம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

திங்கட்கிழமை அவன் அம்மை காலேஜுக்கே வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளைப் பார்க்கிறேன். என் வயசுதான் இருக்கும், மீன்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நேராக ஸ்டாஃப் ரூமுக்குள் வந்தாள். எனக்க மோனுக்கக் கையை ஒடிச்சது யாரு என்று கேட்டாள். ஒடியவே இல்லை என்று புரியவைக்க எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். இந்தக் கை நன்றாக எறிந்தால் மூணாம் இடம், மூணாம் இடம் வந்தால் கிரேஸ் மார்க், அது வந்தால் அவன் என் பாடத்தில் பாஸ், டிகிரி கையில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

சாயா வாங்கிக்கொடுத்தேன், குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எறிஞ்சா கணக்கில ஜெயிக்கலாமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாவம், சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று பி.டி. சாரிடம் சொன்னேன். சாருக்குமே கண் கலங்கியது.

துணித்தொட்டில் மூணையும் தூக்கி எறிந்துவிட்டேன். லீக் போட்டிகள் தொடங்கின, ஒன்றில் தோற்றாலும் அடுத்ததில் ஆடலாம். முதல் போட்டியில் எதிர் டீம் வரவே இல்லை. வராத டீமை ஜெயித்ததற்குப் பயலுகள் ஒருத்தனை ஒருத்தன் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். இரண்டாவது, திருவனந்தபுரத்து நகரக் காலேஜ் ஒன்றோடு. பொழியூர்க்காரன் எறிந்தான். அடித்து ஜெயித்தோம் என்று சொல்ல முடியாது, அவன் எறிந்த பந்து மூணு பேரைப் பதம் பார்த்ததில் மிச்சப்பேர் பயந்து, கோட்டிலிருந்து தள்ளி நின்றே கட்டையை வீசினார்கள். அப்படியும் இப்படியுமாக நாங்கள் செமிஃபைனலுக்கு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் சிரிப்பதை நிறுத்தினார்.

செமிஃபைனலில் எதிராளி போன வருஷம் கோப்பை வாங்கினவர்கள். அவன்மாரை ஜெயிக்கணும்னா அவன்மார் வராம இருக்கணும் என்றார் பி.டி. சார். வந்தார்கள். எங்கள் கணக்கு வேறு. இதில் எப்படியும் தோற்போம். மறுநாள் மூணாம் இடத்துக்கான ஆட்டம், அதற்குப் பொழியூர்க்காரன் கை புதுசாக இருக்கவேண்டும். அதனால் செமிஃபைனலில் சாமியையும் காஞ்சிரங்குளத்தானையும் மாறிமாறி எறியவிட்டு, ஊரே கேட்கிற மாதிரி தோற்றோம். பொழியூர்க்காரனை என் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். தண்ணீர்ப் பாட்டிலைக்கூட நான்தான் திறந்து கொடுத்தேன். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது கெஞ்சினேன். மக்கா, நாளைக்கு ஒரு நாள், கரைமடிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்றேன். அம்மாண டீச்சரே என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

மறுநாள் ஆட்டம் தொடங்கக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தான். கால்முட்டு வரை மணல். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் வாளைமீன். அம்மைதான் எழுப்பினாளாம். வலை நிறைந்துபோச்சு, கயிறு பிடிக்க ஆளில்லை, ஓடு மக்கா என்றாளாம். அம்மை சொல்லி எப்படி டீச்சரே போகாம இருக்கேது என்றான். இந்தா டீச்சருக்க பங்கு என்று கவரை நீட்டினான். சட்டையில் ஒரு பொத்தான்கூட மாட்டியிருக்கவில்லை.

நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. எளவெடுத்தவனே என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. சாமியை எறியவிடலாம் என்றால் அவன் அன்றைக்கு விடியற்காலம் இருமுடி கட்டி மலைக்குப் போய்விட்டான். காஞ்சிரங்குளத்தானின் தோள் முந்தின நாளே வீங்கிப்போய், முதல் தடவையாக அவனுக்கு அந்தத் துணித்தொட்டில் உண்மையாகவே தேவைப்பட்டது. வேறு ஆளில்லை. எதிரில் அதே நகரக் காலேஜ், மற்ற செமிஃபைனலில் தோற்றுப் பழைய அடிக்குப் பழிவாங்க வந்திருந்தார்கள். இவனுடைய வேகத்துக்கென்றே ஒரு வாரம் பயிற்சி எடுத்தார்களாம், அவர்களுடைய சார் பெருமையாகச் சொன்னார். நான் கவரில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பொழியூர்க்காரன் மேட்டில் ஏறினான். கையைச் சுழற்றினான். எப்போதும்போலத்தான் சுழற்றினான், முகமும் எப்போதும்போலக் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் பந்து கையைவிட்டுக் கிளம்பி, வாறேன் வாறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற மாதிரி பைய வந்தது. அடிக்கிறவன் புயலுக்குத் தயாராக நின்றவன். பந்து பாதி வழியில் இருக்கும்போதே வீசி முடித்துவிட்டான். கட்டை ஒரு சுற்றுச் சுற்றி அவன் முதுகில் போய் இடித்த பிறகு பந்து நிதானமாக அவனைக் கடந்து கையுறைக்குள் போய் உட்கார்ந்தது.

இது தற்செயல் என்று நினைத்தோம். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவனும். எல்லாரும் கொஞ்சம் பொறு என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள், ஆனால் அந்த முகத்தையும் சுழற்றலையும் பார்த்தால் அவர்களுக்குப் பழைய அடி ஞாபகம் வந்து கை தானாக வீசிவிடும். இன்னொரு அதிசயம், பந்து கண்ட இடத்துக்குப் போகவில்லை. தப்பான இடத்துக்குப் போகக்கூட அந்தக் கையில் பலம் இல்லை. சீசன் முழுக்க நான் தொண்டை கிழியச் சொல்லியும் வராத நேர் எறி, கயிறு இழுத்த கையில் வந்தது. பி.டி. சார் என் காதில், இதுக்குப் பேரு சேஞ்ச்-அப் டீச்சரே, வெளிநாட்டில் பெரிய வித்தை என்றார். வித்தையும் இல்லை மண்ணும் இல்லை, வாளைமீன் என்றேன்.

ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். கடைசி ஆள். அவனை அவுட்டாக்கினால் முடிந்தது. பொழியூர்க்காரனால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை, இடதுகையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றான். இரண்டு தடவை வீசிக் கோட்டை விட்ட அந்த ஆள், மூணாவதுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்து நின்றான். பந்து வந்தது. அவன் பொறுத்தான். இன்னும் வந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் வீசினான் பாருங்கள், கட்டை கையைவிட்டுப் பறந்து எங்கள் நாற்காலிகளுக்கு நடுவில் வந்து மீன் கவரின்மேல் விழுந்தது. பந்து எங்கேயோ பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

மூணாம் இடம். நான் ஒரு டீச்சர், நாற்பது வயசு தாண்டினவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். அந்தப் பயலைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவனும் அழுதான், நான் வலதுகையைச் சேர்த்துப் பிடித்துவிட்டதால்.

ரிசல்ட் வந்தது ஜூன் மழையில். கிரேஸ் மார்க்கின் புண்ணியத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் விளிம்பில் தொற்றிப் பாஸாகிவிட்டான். நான் ஸ்டாஃப் ரூம் முழுக்க லட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவன் அம்மை வந்தாள். இந்தத் தடவை கூடை இல்லை, மஞ்சள் சேலை, கையில் எனக்கென்று கழுவி வெட்டின நெய்மீன். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, எல்லாம் அவனுக்க மிடுக்குதான் என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். அவன் வரலையா என்று கேட்டேன்.

"கடல்ல போயிருக்கான்" என்றாள். மாமனுடைய வள்ளத்தில் போகத் தொடங்கி அன்றைக்கு நாலாவது நாளாம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மீன் பொதியை என் மேசையில் வைத்தாள். பிறகு, ஒரு காரியம் சொன்னால் டீச்சர் கோபப்படக்கூடாது என்றாள். அன்றைக்கு விடியற்காலம் கரையில் ஆளுக்குப் பஞ்சமே இல்லையாம். அவள்தான் வேணுமென்று பொய் சொல்லி அவனை எழுப்பிக் கயிற்றுக்கு அனுப்பினாளாம். கை தளர்ந்துபோனால் எறிய மாட்டான், எறியாவிட்டால் அந்த மார்க் வராது என்று நான்தானே ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"அவன் அப்பன் போன பொறவு எனக்கு மிச்சம் இருக்கது அவன் ஒருத்தன். போகாதேன்னா கேக்கமாட்டான். எல்லாப் பாடத்திலயும் தப்பிச்சாலும் டீச்சருக்க கணக்கில அவன் தேறமாட்டான்னு எல்லாரும் சொன்னாவ. அதை நம்பியாக்கும் நான் கோயில்ல வாக்குக் குடுத்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் வருகிற கோபம் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ. அவளுடைய கையைப் பிடித்தேன், மீன் வாடையும் மழை ஈரமுமாக இருந்தது. பயப்படாதே, அவன் நல்ல மிடுக்கன் என்று உளறினேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே, இதுக்கு மேல ஒரு படிப்பு உண்டாமே என்று கேட்டாள். உண்டு, எம்.காம். என்றேன்.

"அதிலயும் டீச்சருக்க கணக்கு உண்டா?"

உண்டு என்றேன். இதைவிட ரொம்பக் கஷ்டம் என்றும் சொன்னேன். அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

"அப்போ நாளைக்கே அவனை அதில சேத்து விடணும் டீச்சரே. பந்து மட்டும் அவனுக்கக் கையில குடுக்கப்பிடாது."